பத்மாக்காவின் உறைமோர் டம்ளர்

பால் பாக்கெட்டைப் பல்லால் கிழித்துக்கொண்டிருந்தபோது தெரு வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. பத்மாக்கா தூக்கத்திலேயே போய்விட்டார். அன்று அயனம்பாக்கம் ஏரி அலையடிப்பதையே நிறுத்திவிட்டது என்றால் நம்ப மாட்டீர்கள். நான் பார்த்தேன்.

அக்காவை அறிந்த உங்களுக்கு அந்த எவர்சில்வர் டம்ளரும் தெரியும். தினமும் காலையில் அதை ஏந்தி, எட்டுத் திசையும் நடுங்க, நம் தெருவில் படையெடுத்து வருவார். கேட்பதோ கொஞ்சம் உறைமோர். அவர் வீட்டு ஃபிரிட்ஜில் ஒரு கல்யாணப் பந்திக்கே போதுமான தயிர் இருக்கும். பிறகேன் இந்த வசூல் என்று ஒருநாள் சீண்டினேன். "மோரு யாருக்கு வோணும் நைனா? கதவு தொறக்குதான்னு பாக்கறேன்" என்றார்.

அதுதான் அவர் தெருவை அளந்த விதம். கதவை விரியத் திறந்து ஊற்றினால் அந்த வீடு நலம். கிரில் வழியாகக் கை மட்டும் நீண்டால் மறுநாளும் அங்கே போவார். குரல் மட்டும் வந்தால், சாயங்காலத்துக்குள் நம்மில் ஒருவரை ஏதாவது சாக்குச் சொல்லி அங்கே அனுப்பிவிடுவார்.

ஆவடி தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்ற தனசேகர், மனைவி இறந்ததும் கதவைச் சாத்திக்கொண்டார். ஜன்னல் திரை விலகவில்லை; சமையலறையில் பாத்திரச் சத்தம் இல்லை. அந்த வீடே மூச்சை அடக்கிக்கொண்டு எதற்கோ காத்திருந்தது. அக்கா தட்டிய தட்டில் திருநின்றவூர் ரயில் தடம் புரளாதது நம் புண்ணியம். கதவிடுக்கில் எட்டிப் பார்த்த தனசேகர், மோர் இல்லை, இனிமேல் எதுவும் வேண்டியதில்லை என்றார். அக்கா டம்ளரை அவர் கையில் திணித்தார். அன்று அதில் உறைமோர் இருந்தது.

"ராத்திரி பால காய்ச்சி இத ஊத்தி வையி சேகரு. நாளிக்கு எனக்கு ஒறை நீதான் குடுக்கணும்."

மறுநாள் கதவு திறந்தது. அதன்பின் தனசேகர் உறை கொடுக்க ஒருநாளும் தவறவில்லை. கேட்க ஆள் வருமே.

கேட்கிற ஆள்தான் போய்விட்டார். சுடுகாடு வரை வந்த தனசேகர் வீடு திரும்பிச் சாத்திய கதவு, அப்புறம் திறக்கவேயில்லை.

அக்கா நினைவாக ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் அவர் மகள். டம்ளரைக் கேட்டு வாங்கினேன். இன்று காலை அதோடு தனசேகர் வாசலில் நின்று தட்டினேன். மிகைப்படுத்தாமல் சொல்கிறேன், என் தட்டு பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்டிருக்காது. மறுபடியும் தட்டினேன். உள்ளே ஒரு பாத்திரம் உரசியது.

"புளிச்சுப் போச்சு" என்றது குரல்.

"புளிச்சதையே குடு மாமே."

வெகுநேரம் கழித்து, கிரில் வழியாக ஒரு கை மட்டும் நீண்டது.

அக்கா கணக்குப்படி நாளையும் போக வேண்டும். டம்ளர் என் வாசல் ஜன்னலில்தான் இருக்கும். ஒருநாள் காலை நான் தெருவில் வராவிட்டால் அதை எடுத்துக்கொண்டு போங்கள். போவதற்கு முன் என் கதவையும் தட்டுங்கள்.