வேலியோரம் நிற்க ஒரு கேமரா

என் மகள் எனக்குப் போட்ட உத்தரவு இது: "ஸ்கூல் விளையாட்டுப் போட்டிக்கு வாங்கப்பா. ஆனா கிட்ட வராதீங்க லா. கேன்டீன் வேலிகிட்ட நில்லுங்க. கயித்துப் பக்கமே வரக்கூடாது."

ஓடுதளத்தின் பக்கவாட்டில் ஒரு கயிறு கட்டியிருப்பார்கள். மற்ற பெற்றோர் எல்லாம் அங்கே நிற்பார்கள். எனக்கு மட்டும் திடலின் கடைசி, ஓட்டம் முடியும் கோட்டுக்கும் அப்பால். காரணம் இல்லாமல் இல்லை. முந்தின வருடம் அவள் தடை தாண்டி ஓடியபோது, பக்கத்துப் பிள்ளை கோட்டை மிதித்துவிட்டாள் என்று நடுவரிடம் நான் போட்ட சத்தம் கிள்ளான் முழுக்கக் கேட்டிருக்கும். போர்ட் கிள்ளானில் நாளெல்லாம் லோரிக்காரர்களிடம் கத்தி வேலை வாங்கும் தொண்டை இது. "மானத்தையே வாங்கிட்டீங்க" என்றவள் ஒரு வாரம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பதினான்கு வயதுக்கு அவ்வளவு ரோஷம். இந்த முறையும் சொன்னபடி நிற்காவிட்டால் இனி என்னை எதற்கும் கூப்பிட மாட்டாள். அந்தப் பயம் எனக்கு நிஜமாகவே இருந்தது.

தூரத்தில் நின்றாலும் பிள்ளையின் முகம் தெரிய வேண்டுமே. என்னிடம் நீள லென்ஸ் ஒன்று இருந்தது. கேமராதான் செத்துப்போயிருந்தது. பிரிக்ஃபீல்ட்ஸில் கேமராக் கடை வைத்துக் கல்யாணப் படமும் எடுக்கும் நண்பனிடம் போய் யோசனை கேட்டேன்.

"வாங்குனா ஃபுல் ஃபிரேம் வாங்குங்கண்ணே. உள்ள படம் பதியுற சென்சார் பெருசு. மண்டபத்துல லைட் கம்மியா இருந்தாலும் படம் சுத்தமா வரும்."

"என் மக மண்டபத்துலயா ஓடுறா? பத்து மணி வெயில்ல ஓடுறா!"

அவன் சிரித்துக்கொண்டே ஃபுல் ஃபிரேம் ஒன்றையும், கிராப் சென்சார் என்கிற சின்ன சென்சார் கேமரா ஒன்றையும் எடுத்து வைத்தான். என் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, கடை வாசலிலிருந்து எதிர்ப்பக்கப் பூக்கடையைப் பார்த்தேன். ஃபுல் ஃபிரேமில் கடை, குடை, பக்கத்தில் நின்ற மோட்டார் சைக்கிள் எல்லாம் தெரிந்தன. கிராப் சென்சாரில் பூக்கார அக்காவின் முகமும் கையும் மட்டும்தான்.

"பாத்தியா, கிட்ட வந்துருச்சு!"

"கிட்டல்லாம் வரலண்ணே. சின்ன சென்சார் சுத்தி உள்ளத வெட்டிட்டு நடுவுல உள்ளத மட்டும் காட்டுது. அதையே ஃபுல் ஃபிரேம்ல எடுத்துட்டு அப்புறமா வெட்டிக்கலாமே?"

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனாலும் நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். எடுக்கும்போதே என் பிள்ளையின் முகம் பெரிதாகத் தெரிய வேண்டும், மற்றதெல்லாம் எனக்கு எதற்கு என்று சொல்லி கிராப் சென்சாரையே வாங்கிக்கொண்டேன்.

போட்டியன்று நல்ல பிள்ளையாக வேலியோரம் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. துப்பாக்கி வெடித்ததும் மகள் கேமராவுக்குள் என்னை நோக்கி ஓடி வந்தாள். பல்லைக் கடித்திருந்தாள். நெற்றி வியர்வைகூடத் தெரிந்தது. அடடா, காசு வீண் போகவில்லை என்று நினைத்த அதே நொடியில், மூன்றாவது தடையில் கால் தட்டி விழுந்தாள்.

எழுந்து உட்கார்ந்தாள். முட்டியில் ரத்தம். அழவில்லை. பக்கவாட்டில் திரும்பி எதையோ பார்த்தாள். அவள் கண் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு மெல்லப் போனது, திரும்ப வந்தது. அவள் எதைப் பார்க்கிறாள் என்பது என் கேமராவில் இல்லை. அதிலிருந்து கண்ணை எடுத்துவிட்டுப் பார்த்தேன்.

கயிற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே நின்ற முகங்களை ஒவ்வொன்றாகத் தேடினாள். வேலிப் பக்கம் திரும்பவே இல்லை. அப்பா எங்கே சொன்ன பேச்சைக் கேட்கப்போகிறார், எப்படியும் கயிற்றுக்கு வந்திருப்பார் என்று நம்பியிருக்கிறாள். நாசமாய்ப் போக, இந்த ஒரு நாள் பார்த்துத்தானா எனக்கு நல்ல புத்தி வர வேண்டும்?

கேமரா நெஞ்சில் மோத மோதத் திடலில் ஓடினேன். ஆசிரியை ஒருவர் கையைக் காட்டித் தடுத்தார், நான் நிற்கவில்லை. மூச்சு வாங்க அவள் பக்கத்தில் போய் மண்டியிட்டேன்.

என் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அப்போதுதான் அழ ஆரம்பித்தாள். "எங்கப்பா போனீங்க? எவ்ளோ நேரமா தேடுறேன்!"