இரண்டு சிஸ்டம், ஒரு கீபோர்டு

மைராம்பெக், எங்களுக்கு மைராம், எங்கள் நாரின் ஊரில் மின்கம்பம் ஏறும் வேலை பார்த்தவன். பதினெட்டு வருஷம் ஏறினான். பத்தொன்பதாவது வருஷம் நவம்பரில், பனி உறைந்து கிடந்த கம்பத்திலிருந்து கால் வழுக்கி விழுந்தான். "கரண்டு அடிச்சு விழுந்திருந்தாக்கூட சொல்லிக்க ஒரு கௌரவம் இருந்திருக்கும்" என்பான். நெஞ்சுக்குக் கீழே உணர்வு போய்விட்டது. கைகள் தப்பின. வலது கையில் மூன்று விரல் நன்றாக வேலை செய்யும்.

நான் அவர்களுக்கு நேர் கீழ் வீட்டில் இருக்கிறேன். பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிறேன். அவன் மனைவி ஜூராகான் ஆஸ்பத்திரி சமையலறையில் வேலை பார்க்கிறாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவனைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். அவள் இல்லாத நேரத்தில் அது என் வேலை. ஆறு வருஷமாக அப்படித்தான் நடக்கிறது.

படுத்தபடியே அவன் ஒரு தொழில் கற்றுக்கொண்டான். கட்டட ரிப்பேருக்கு எஸ்டிமேட் போடுவது. எத்தனை மீட்டர் குழாய், எத்தனை மூட்டை சிமெண்ட், எத்தனை ஆள்கூலி என்று வரிசையாகக் கணக்கு. கான்ட்ராக்டர்கள் அவனைத் தேடி வந்தார்கள், ஏனென்றால் அவன் பொய் எழுத மாட்டான். கட்டிலுக்கு மேலே வெல்டிங் கடையில் செய்த ஒரு இரும்புக் கை; அதில் திரை தொங்கும். அவன் நெஞ்சின் மேல் ஒரு கம்பளித் துண்டு, அதன்மேல் ஒரு சாண் அகலக் கீபோர்டு. விரலால் தடவினால் அம்புக்குறி நகரும். வயர் கிடையாது. வயர் இருந்தபோது புரட்டும்போதெல்லாம் அது அவன் கையில் சுற்றிக்கொண்டது. அதனால்தான் அவன் மகள் ஜிபார் தான் இருக்கும் கஸான் நகரத்திலிருந்து இந்த வயர் இல்லாததை வாங்கி அனுப்பினாள். வயர் இல்லாத காதுபோன் ஒன்றும் சேர்த்து அனுப்பினாள்.

கம்ப்யூட்டர் மட்டும் கிழடு. எஸ்டிமேட் மென்பொருள் அதிலிருந்த பழைய சிஸ்டத்தில்தான், அதாவது பழைய இயங்குதளத்தில்தான், ஓடும். மற்ற எதைத் திறந்தாலும் அது மூச்சு வாங்கும். ஜூராகானின் தம்பி தாலாய் தலைநகர் பிஷ்கெக்கில் கம்ப்யூட்டர் கடையில் இருந்தவன். அவன் வந்து அதே மிஷினில் இரண்டாவதாக ஒரு சிஸ்டத்தைப் போட்டுக் கொடுத்தான். புதுசு இலவசம், லேசானது. மகளோடு பேச, தன்னைப் போலவே படுக்கையில் கிடக்கும் ஏழு பேரோடு தினமும் சாயங்காலம் பேச, மைராமுக்கு அது போதும். தலாஸில் ஒருவன், பத்கெனில் ஒருவன் என்று நாடு முழுக்கச் சிதறிக் கிடந்தவர்கள். படுக்கைப் புண்ணுக்கு என்ன மருந்து, மனைவி கோபித்துக்கொண்டால் என்ன செய்வது, எல்லாம் அங்கே பேசுவார்கள். தாலாய் போட்டுக் கொடுத்துவிட்டுக் கொரியாவுக்குத் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டான்.

மிஷினைப் போட்டதும் கறுப்புத் திரையில் இரண்டு வரி வரும். மேலே புதுசு, கீழே பழசு. பத்து வினாடிக்குள் யாரும் எதையும் அழுத்தாவிட்டால் புதுசு தானே திறந்துகொள்ளும். அந்தத் திரையில் வயர் இல்லாத கீபோர்டு வேலை செய்யாது. ஆகவே எஸ்டிமேட் வேலை இருக்கும் நாளில் ஜூராகான் காலையில் கோட்டை மாட்டிக்கொண்டே அலமாரிக்குப் பக்கத்து ஆணியிலிருந்து பழைய வயர் கீபோர்டை எடுத்துச் சொருகி, கீழ் அம்பை ஒரு தடவை, என்டரை ஒரு தடவை அழுத்திவிட்டுப் போவாள்.

அதோடு முடியாது. நெஞ்சு மேலிருக்கும் கீபோர்டு கடைசியாக எந்த சிஸ்டத்தோடு சேர்ந்ததோ அதை மட்டும்தான் நினைவில் வைக்கும். இன்னொன்றுக்குப் போனால் முதலிலிருந்து புளூடூத்தில் சேர்க்க வேண்டும்.

"ஜிபார் அப்பா, இது கீபோர்டா, ரெண்டு பொண்டாட்டிக்காரனா? ஒருத்திகிட்ட போனா இன்னொருத்திய மறந்துடுது!" என்று ஜூராகான் கத்துவது என் வீட்டுக்குக் கேட்கும்.

"நான் மறக்கலியே" என்பான் அவன்.

"நீங்க எங்க போகப் போறீங்க, கட்டில விட்டு!"

இப்படிச் சொல்லிவிட்டு அவளே சேர்த்தும் கொடுப்பாள். என்னென்ன அழுத்துகிறாள் என்று நான் ஒரு நாளும் கவனித்ததில்லை.

பிப்ரவரியில் அத்பாஷியிலிருக்கும் ஜூராகானின் அக்காவுக்கு வயிற்றில் ஆபரேஷன். ஜூராகான் மூன்று நாள் போனாள். மைராமை என்னிடம் விட்டாள். அப்போது அவன் கையில் ஒரு பள்ளிக்கூடத்துக் கொதிகலன் அறை எஸ்டிமேட் இருந்தது. நூற்று நாற்பது வரி. வியாழக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குள் துர்துகுல் என்ற கான்ட்ராக்டருக்குப் போயாக வேண்டும்; அவன் அதை வைத்து டெண்டர் கேட்கப் போகிறான்.

புதன்கிழமை விடிந்ததும் நான் போய் அவனைப் புரட்டி, சாயா கொடுத்து, கீழ் அம்பும் என்டரும் அழுத்திவிட்டு வேலைக்குப் போனேன். பத்து மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் வந்து புரட்டப் பக்கத்து வீட்டு ஆளிடம் சொல்லியிருந்தேன். இரண்டு மணிக்குத் திரும்பி வந்தபோது அவன் திரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். திரையில் புது சிஸ்டத்தின் நீலப் படம்.

"என்னடா, வேலை முடிஞ்சுதா?"

"ஒன்பது மணிக்குக் கரண்டு போய் வந்துச்சுக்கா. மிஷின் தானா திறந்துக்கிச்சு, புதுசுல. கீபோர்டு செத்துப் போச்சு."

"ஒன்பது மணியிலிருந்தா? அஞ்சு மணி நேரமா? ஏன் எனக்குப் போன் பண்ணல?"

"கோச்கோருக்கு பஸ் கிளம்புற நேரத்துல உன்னைக் கூப்பிட்டா பயணிங்க என்னைத் திட்டுவாங்க."

"புரட்ட வந்தவர்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"அந்த ஆளுக்கு என்னைத் திருப்பவே பயமா இருக்கு. அவர்கிட்ட கம்ப்யூட்டரையும் கொடுக்கணுமா?"

மிஷினை அணைத்துப் போட்டு, கீழ் அம்பை அழுத்தியிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். கீபோர்டு இன்னும் பழசை மறக்கவில்லை என்பது எனக்குத் தெரியாது. நான் உதவி செய்யப் போனேன். வயர் மவுஸைச் சொருகி, திரையில் தெரிந்த புளூடூத் அடையாளத்தைத் தட்டினேன். கீபோர்டின் பக்கத்துப் பொத்தானை அழுத்திப் பிடிக்கச் சொன்னது; பிடித்தேன். ஆறு எண்ணைக் காட்டி அடிக்கச் சொன்னது, மைராம் அடித்தான். சேர்ந்துவிட்டது.

"அக்கா, நீ பஸ் நிலையத்துல இருக்க வேண்டியவளே இல்ல!" என்றான். நானும் பெருமையாகத்தான் நின்றேன்.

பிறகு பழைய சிஸ்டத்துக்குப் போனோம். அது திறக்கப் பதினொரு நிமிஷம் ஆனது. திறந்ததும் மைராம் விரலை வைத்துத் தடவினான். அம்புக்குறி அசையவில்லை. புதுசோடு நான் சேர்த்ததால் பழசை அது மறந்திருந்தது. அங்கேயும் சேர்க்கப் பார்த்தேன். 'ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது' என்றது. சேர்ந்திருந்தால் ஏன் வேலை செய்யவில்லை? அணைத்தேன், போட்டேன். பொத்தானைப் பிடித்தேன், விட்டேன். பேட்டரி மாற்றினேன். ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது. ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது.

"ஜூராகானைக் கேட்டுடறேன்" என்று போனை எடுத்தேன்.

"வேண்டாம். அவ அக்காவோட வயித்தக் கிழிச்சிருக்காங்க. கீபோர்டுக்காகக் கூப்பிடாதே."

"ஒரு நிமிஷம்தான் ஆகும்டா."

"அக்கா, வேண்டாம்னு சொன்னேன்."

தாலாய்க்கு ஒரு செய்தி அனுப்பினோம். அவன் தொழிற்சாலையில் போனைப் பூட்டி வைத்துவிடுவார்கள். அன்று அவனுக்கு இரட்டை ஷிப்ட்.

மிஷின் இப்போது தூரத்து மேஜையில் இருந்ததால் வயர் கீபோர்டின் வயர் கட்டிலுக்கு எட்டாது. எனவே நான் மேஜையில் உட்கார்ந்து அடிக்க, அவன் சொல்வது என்று ஆரம்பித்தோம். டிக்கெட் கொடுக்கும் இயந்திரத்தில் எனக்குப் பன்னிரண்டு பொத்தான்தான். ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடினேன்.

"எஃகுக் குழாய், விட்டம் அம்பத்தேழு."

"அம்பத்தேழு... எங்க போடணும்?"

"மூணாவது கட்டத்துல. இல்லக்கா, அது நாலாவது. அழி. முழு வரியும் போயிடுச்சு பாரு. சரி, மறுபடி."

"நீ என்னைத் திட்டேன்டா, எனக்கு நல்லாருக்கும்."

"திட்டினா வேகமா அடிப்பியா?"

"மாட்டேன்."

"அப்புறம் எதுக்கு."

அவன் ஒரு தடவைகூடக் குரல் உயர்த்தவில்லை. கண் மட்டும் திரையில் என் விரலுக்கு முன்னாலேயே ஓடிக்கொண்டிருந்தது. அவன் கையில் கீபோர்டு இருந்தால் ஒரே பகலில் முடிக்கும் வேலை. ராத்திரிச் சாப்பாட்டு நேரம்வரை ஒன்பது வரி முடிந்தது. நான் செய்துகொண்டு வந்த கூர்தாக், உருளைக்கிழங்கோடு வறுத்த கறி, ஆறிப் போயிருந்தது, அவனுக்கு இறங்கவில்லை.

வியாழன் காலை லீவு போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். பன்னிரண்டு மணிக்கு முப்பத்தோரு வரி. மைராம் துர்துகுலைக் கூப்பிட்டான்.

"தம்பி, கீபோர்டு வேலை செய்யல. நாளைக்குத் தரட்டுமா?"

துர்துகுல் சொன்னான்: "மைராம் அண்ணே, கீபோர்டுன்னு நான் யார்கிட்ட போய்ச் சொல்றது? பள்ளிக்கூடத்துக்காரங்க சிரிப்பாங்க. விடுங்க, பிஷ்கெக்ல ஒருத்தர்கிட்ட முன்னாடியே ஒண்ணு போட்டு வாங்கி வச்சிருக்கேன்."

முன்னாடியே என்ற அந்த வார்த்தையை மைராம் பிடித்துக்கொண்டான். போனைக் கீழே வைத்த பிறகு, "முன்னாடியேவாம்" என்றான். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். அவனால் திருப்ப முடிந்தது அது ஒன்றுதான்.

ஒரு மணிக்குத் தாலாய் கூப்பிட்டான்.

"புருல்சா அக்கா, பழசுல அந்தக் கீபோர்டு பேர் இருக்குல்ல, அதை முதல்ல அழிங்க. 'நீக்கு'ன்னு இருக்கும். அழிச்சுட்டு மறுபடி சேருங்க."

அழித்தேன். சேர்த்தேன். நாலு நிமிஷம். மைராமின் விரல் அசைந்தது, அம்புக்குறியும் அசைந்தது.

"நாலு நிமிஷம்" என்றான் மைராம். நான் அடுப்படிக்குப் போய் வேலையில்லாமல் தட்டுகளைக் கழுவினேன்.

தாலாய்க்கு அதற்கு ஒரு நிரந்தர வழியும் தெரிந்திருந்தது. கீபோர்டும் சிஸ்டமும் சேரும்போது தங்களுக்குள் ஒரு ரகசியச் சொல் வைத்துக்கொள்கின்றன, முப்பத்திரண்டு எழுத்து. பழசிலிருக்கும் அந்தச் சொல்லைப் பார்த்து எழுதி, புதுசில் அதே இடத்தில் மாற்றி எழுதிவிட்டால், கீபோர்டுக்கு இரண்டும் ஒன்றாகிவிடும். அவன் ஒவ்வொரு படியாகச் சொல்ல, ஒரு பழைய டிக்கெட்டின் பின்பக்கம் நான் எழுதிக்கொண்டேன். எண்களும் ஏ முதல் எஃப் வரை ஆங்கில எழுத்துகளும் கலந்து கிடந்தன. புதுசுக்குப் போய் அடித்தேன். மைராம் மூன்று தடவை ஒப்பிட்டுப் பார்த்தான். போட்டோ எடுத்துத் தாலாய்க்கு அனுப்பினோம். அவனும் சரி என்றான்.

கீபோர்டு சேரவில்லை.

வெள்ளிக்கிழமை மறுபடி அடித்தேன். சேரவில்லை. மைராம், "விடுக்கா, இதுக்கு என்னைப் பிடிக்கல" என்றான். அன்று சாயங்காலம் அந்த ஏழு பேரோடு அவன் பேசவில்லை. ஜூராகான் திரும்பி வந்து எல்லாவற்றையும் கேட்டாள். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் அவனைப் பார்த்து, "என்னைக் கூப்பிட்டிருக்கலாம்ல" என்றாள். அவன், "கூப்பிட்டிருக்கலாம்" என்றான்.

சனிக்கிழமை காலை தாலாய் என்னைக் கூப்பிட்டான். "அக்கா, ஒண்ணு கேக்கிறேன். ஏ எழுத்தை எந்தப் பொத்தான்ல அடிச்சீங்க?"

"அ இருக்கிற பொத்தான்லதான்."

"நம்ம அ வா?"

"பின்ன? ஆங்கிலத்துக்கு மாத்தி மாத்தி அடிக்கக் கஷ்டமா இருந்துச்சு. நமக்கும் இருக்கிற எழுத்தை நம்ம எழுத்துலயே அடிச்சேன். இல்லாததுக்கு மட்டும் மாத்திக்கிட்டேன்."

பிறகுதான் தாலாய் விளக்கினான். நாங்கள் எழுதும் ரஷ்ய வகை எழுத்திலும் ஆங்கிலத்திலும் நாலு எழுத்து அச்சு அசல் ஒரே வடிவம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, போட்டோவிலும் தெரியாது. கம்ப்யூட்டருக்கு அவை வேறு வேறு. இரண்டு நாளாக நான் தப்பான சொல்லைத்தான் சரியாக எழுதிக்கொண்டிருந்தேன்.

முழுதும் ஆங்கிலத்தில் ஜூராகான் அடித்தாள். கீபோர்டு இரண்டு சிஸ்டத்திலும் வேலை செய்தது. இன்றுவரை செய்கிறது.

காதுபோனுக்கும் அதே வைத்தியம் பார்த்தோம். நாலு தடவை. அது மசியவில்லை. தாலாய்க்கும் காரணம் புரியவில்லை. சிஸ்டம் மாறினால் இன்னும் மறந்துதான் போகிறது. துர்துகுல் பிறகு கூப்பிடவில்லை. மற்றவர்களும் அவன் வாயால் ஏதோ கேள்விப்பட்டிருக்க வேண்டும். மார்ச் முழுக்க ஒரு எஸ்டிமேட்டும் வரவில்லை. ஏப்ரலில் ஒரு மாட்டுக் கொட்டகைக் கூரைக்கு வந்தது. இருபது வரி. ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிட்டு, "வேற ஏதாவது இருக்கா?" என்று அந்த ஆளிடம் இரண்டு தடவை கேட்டான். இல்லை என்றார்.

காதுபோனைத் தினமும் புதிதாகச் சேர்க்க அலுத்துப்போனதால் சாயங்காலப் பேச்சு இப்போது ஸ்பீக்கரில்தான். என் கூரை வழியாக எல்லாம் கேட்கிறது. போன வாரம் பத்கென்காரன் அழுதான். மனைவி பிள்ளைகளோடு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாளாம்.

"என்ன பண்றது மைராம் அண்ணே? நீங்க சொல்லுங்க."

மேலேயிருந்து மைராமின் குரல் வந்தது.

"எனக்குத் தெரியலடா. நீ பேசு. நான் எங்கயும் போகல, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."