வருடா வருடம் சரசு

கோடு போட்டால் கோடு, அழித்தால் காகிதம், அதற்கு மேல் எதையும் நம்பாத ஆள் நான். ஆவி, குறி, சகுனம் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவேன். நீங்களும் பாதியில் எழுந்து போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் நடந்தது நடந்ததுதான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். உக்கடத்தில் ஒரு மாடி அறையில் இருந்துகொண்டு வாரப் பத்திரிகைகளுக்குப் படம் வரைந்துகொண்டிருந்தேன். கதை தபாலில் வரும், படம் தபாலில் போகும். ஒருமுறை சென்னைக் கல்லூரிப் பெண் ஒருத்தியின் காதல் கதை வந்தது. மனதில் வந்த முகத்தைப் போட்டேன், பென்சில் தானே இழுத்துக்கொண்டு போவதுபோல ஒரு சுகம், எப்போதாவது வாய்ப்பது. இடது புருவத்தின் நடுவில் சின்னதாய் ஒரு வெட்டு விழுந்தது. அழிக்கப் போனேன், அழகாக இருந்தது, விட்டுவிட்டேன்.

படம் அச்சாகி வந்த பிறகு ஒரு மத்தியானம், அந்தப் பத்திரிகையைக் கையில் சுருட்டிக்கொண்டு ஒருவர் படியேறி வந்தார். பின்னால் மூச்சு வாங்க அவருடைய அம்மா. காரமடைப் பக்கம் தோட்டம், பெயர் பழனிசாமி, முகவரியைப் பத்திரிகை ஆபீசில் கேட்டு வாங்கியிருந்தார்.

"ஏனுங்க, எங்க புள்ளைய எங்க பார்த்தீங்க?"

"எந்தப் புள்ளைங்க?"

"புருவத்துல கரும்புச் சோகை கிழிச்ச தழும்பு முதக்கொண்டு வரைஞ்சுபோட்டு, எந்தப் புள்ளைன்னு எங்களையே கேக்கறீங்களா?"

அவருடைய தங்கை சரசு. மில் வேலைக்குப் போனவள் வீடு திரும்பவில்லை. ஆத்திரத்தில் அப்பா அவளுடைய ஒரே போட்டோவை அடுப்பில் போட்டுவிட்டு, பிறகு அவள் ஏக்கத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். நான் அவளைப் பார்த்ததே இல்லை என்று சத்தியம் செய்தேன். பழனிசாமி சட்டைக் கையை மடித்தார். அம்மாதான் அவர் கையைப் பிடித்தார்.

"உடு சாமி. ஏனுங்க தம்பி, அவ உசுரோட இருக்கறாளா? அது மட்டும் சொல்லிப்போடுங்க."

எனக்கு எப்படிங்க தெரியும் என்றேன். அம்மாவோ கிளம்பவில்லை. மகள் மூக்கு நினைவுக்கு வந்தால் வாய் வருவதில்லை, பெத்தவளுக்கே இப்படி ஆகலாமா என்று கேட்டு, ஒரு படம் பெரிதாக வரைந்து கொடுக்கச் சொன்னார். அங்கேயே உட்கார்ந்து வரைந்தேன். நான் பத்திரிகையைப் பார்க்காமலே சரசு வந்தாள். ஆனால் அச்சில் இருந்ததைவிடக் கன்னம் ஒட்டியிருந்தது.

"எளைச்சுப்போயிட்டா," என்றார் அம்மா, மகள் எதிரே நிற்பதுபோல.

அடுத்த மாசியில், ஊர்த் தேர் முடிந்த கையோடு இருவரும் மறுபடி வந்தார்கள். "ஒருக்கா போட்டுப் பாருங்க கண்ணு." நம்பினால் நம்புங்கள், அந்த முறை கழுத்தில் மஞ்சள் கயிறு வந்தது. நான் நினைக்கவில்லை, கை நினைத்தது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார், அழுகையிலேயே சிரித்தார்.

"மாப்பிள்ளை மூஞ்சியையும் போடுங்க, ரெண்டு அப்பு அப்போணும்," என்றார் பழனிசாமி. சட்டைக் கையை மடித்த மனுஷனே நம்பிவிட்டார் பாருங்கள்.

ஒரு வருடம் முகம் பூசினாற்போல் வந்தது. "மாசமா இருக்கறா," என்றார் அம்மா. மறு வருடம் கண்ணுக்குக் கீழே கருமை. "கைக்கொழந்தை தூங்க உடாதுங்க." பாதி என் கை வரைந்தது, பாதி அம்மா படித்துக்கொண்டது, அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மாசி நெருங்கினால் மட்டும் ஏனோ பென்சிலைச் சீவிச் சீவி வைப்பேன்.

பிறகு ஒரு மாசி. வரைந்து முடித்துப் பார்த்தால் போன வருடத்து முகம். ஒரு கோடு கூடவில்லை, ஒரு நிழல் குறையவில்லை. எதிரே அம்மா காத்திருந்தார். காகிதத்தைத் திருப்புவதற்கு முன்னால், உதட்டோரம் மெல்லிய மடிப்பு ஒன்றை நானாகப் போட்டேன். சுத்தமான வேலை, வேறு எந்த ஓவியனும் கண்டுபிடித்திருக்க மாட்டான்.

அம்மா நெடுநேரம் பார்த்தார். அந்த மடிப்பின் மேல் விரலை வைத்தார்.

"இது அவளுதில்லீங்க கண்ணு. இது நீங்க போட்டது."

பழனிசாமி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மா சீலைத் தலைப்பால் அந்தக் கோட்டை ஒற்றி ஒற்றி எடுத்தார். படத்தைச் சுருட்டி மார்போடு பிடித்துக்கொண்டு படியிறங்கினார்.

சில நாள் கழித்து பழனிசாமி மட்டும் வந்தார். "கண்ணாடி போட்டு மாட்டியாச்சுங்க. அம்மாவே மாலையும் போட்டுட்டாங்க." அத்தனை வருடமும் அந்தப் படங்களில் ஒன்றைக்கூடச் சுவரில் மாட்ட அவர் விட்டதில்லையாம், பெட்டியில்தான் வைத்திருந்தாராம். சரசு எங்கே இருந்தாள், என்ன ஆனாள், எந்தத் தகவலும் இல்லை. பிறகு அந்த அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

போன மாதம் ஒரு துணிக்கடை விளம்பரத்துக்கு வரைந்துகொண்டிருந்தேன். கவனம் எங்கோ போன ஒரு கணத்தில் ஒரு இளம்பெண் முகம் வரத் தொடங்கியது. புருவத்தில் வெட்டு இல்லை. வாய் மட்டும் அப்படியே அந்த அம்மாவின் வாய். சரசுவின் அந்தக் கைக்குழந்தை வளர்ந்திருந்தால் இப்போது இந்த வயதுதான் இருக்கும். பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். கண்கள் இல்லாமல் அந்தக் காகிதம் இன்னும் மேசையில் கிடக்கிறது. பழனிசாமிக்குச் சொல்வதா, முதலில் கண்ணைப் போட்டு முடிப்பதா, தெரியவில்லை.