பேய்க்குப் படையல் வைக்க விதி இல்லை

மூன்றாவது விதிமுறையும் இன்று மதியம் படுத்துவிட்டது.

சொந்தமாக ஒரு பேய் விளையாட்டு உருவாக்கி வருகிறேன். நான் கதை சொல்வேன். ஆடுகிறவர்கள் கதைக்குள் இருக்கும் ஆட்களாகப் பேசுவார்கள். தப்பித்தார்களா என்பதைப் பகடை சொல்லும்.

இந்த மூன்றாவதற்கு, இணையத்தில் கிடைத்த ஆங்கில விதிகளை அகராதி வைத்து நானே தமிழாக்கினேன். அடிக்க ஒரு எண், ஓட ஒரு எண், பயத்துக்கு ஒரு எண்.

இன்றைய கதையில், சீசன் முடிந்து ஆளில்லாத குற்றாலம் ஐந்தருவி. பாறைமேல் தலைவிரித்தபடி ஒருத்தி. அங்கே கதையை நிறுத்தி, "என்ன செய்யப் போறீங்க?" என்றேன்.

ஆட வந்த இருவரில் சிப்ஸ் கடை முத்தையா பகடையைத் தொடவே இல்லை. "ஏட்டி, ஒனக்கு என்ன வேணும்? கேட்டதப் படைக்கேன்" என்றார் பேயிடம்.

"அதுக்கு விதி இல்ல வே. அடிக்கணும், இல்ல ஓடணும்" என்றேன்.

பட்டாளத்தில் இருந்த கணபதியாவது அடிப்பார் என்று திரும்பினேன். கைகூப்பி உட்கார்ந்திருந்தார்.

"அடிக்கவா சொல்லுதீங்க அண்ணாச்சி? பேய எவனாவது அடிப்பானா? பொங்கல் வச்சு ஒரு சேவல அறுத்தா அவ பாட்டுக்குப் போயிருவா. இது தெரியாமயா அந்த வெள்ளக்காரன் ரூல்ஸ் எழுதிருக்கான்?"

ஐந்தே நிமிடத்தில் பேய் சாந்தியடைந்தது. நடுங்க வேண்டிய இருவரும் முறுக்கு தின்றார்கள்.

நான் விடுவதாக இல்லை. படையலுக்கும் எண் போடுகிற விதிமுறை தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். பேய் எதைக் கேட்டால் இந்த இருவருக்கும் கொடுக்க மனம் வராது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.