நடிகரின் கார் வந்த அத்தியாயம்

எங்கள் வீட்டில் மாரியம்மனுக்கு அடுத்தபடியாக நம்பப்பட்டவர் ஒரு சினிமா நடிகர். அவர் தன் கதையைத் தானே எழுதிய தடித்த புத்தகம் ஒன்று, கம்யூனிஸ்டுகளிடம் சைகோன் விழுந்த பிறகும் எங்கள் வீட்டில் தப்பிக் கிடந்தது. பழைய ஆட்சியின் புத்தகங்களைப் பறிமுதல் செய்ய வந்த வார்டு இளைஞர்கள், அட்டையில் ஏர் பிடித்து நின்றவரைக் காட்டி யார் இது என்று கேட்டார்கள். ஏழை விவசாயி என்றார் சித்தப்பா. மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்த ஏழை விவசாயிக்கு மெட்ராஸில் பங்களாக்கள் இருந்தது அவர்களுக்குத் தெரியாது.

அப்பா சிவகங்கைப் பக்கத்துக்காரர். சைகோனில் ‘பென் தான்’ என்ற சந்தைக்கு அருகே துணிக்கடை வைத்திருந்தார். என் அம்மா வியட்நாம்காரி. அந்த ஊர் வழக்கப்படி நான் அவளை ‘மா’ என்றுதான் கூப்பிடுவேன். த்ருவோங் டின் தெரு மாரியம்மன் கோயிலில் வைத்து அப்பா அவளுக்குத் தாலி கட்டினார். அதோடு சரி. பதிவு அலுவலகத்துப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அங்கே கடை வைத்திருந்த நம்மவர்கள் பலரும் அப்படித்தான் செய்தார்கள். அம்மன் சாட்சிக்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்பார்கள். புது ஆட்சி வந்ததும் எங்கள் கடைக்குச் சீல் வைத்தார்கள். இந்தியர்களை ஊருக்கு அனுப்ப விமானம் வந்தபோது, பெயர் எழுதிக்கொண்டவர்கள் அம்மனின் சாட்சியை ஏற்கவில்லை. அப்பா மட்டும் போனார். போனதும் எங்களைக் கூப்பிட்டுக்கொள்வதாகச் சொன்னார். கண் கலங்கத்தான் சொன்னார். அதை நான் மறுக்கவில்லை.

சித்தப்பாவின் காகிதங்களில் ஏதோ குளறுபடி. அதனால் அவர் எங்களோடு தங்கிப்போனார். ரேஷன் அரிசி போதாமல் மரவள்ளிக்கிழங்கைக் கலந்து மா சமைத்த காலம் அது. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் சித்தப்பா அந்தப் புத்தகத்தை விரித்து வாசிப்பார். எனக்குப் புரிந்த அளவுக்கு நான் அதை வியட்நாமியத்தில் மாவுக்குச் சொல்வேன். நாடகக் கம்பெனியில் நடிகர் சிறுவயதில் பட்ட பசி, முதலாளியிடம் வாங்கிய அடி, அவித்த மரவள்ளியைத் தின்றுவிட்டுக் கிழிந்த திரைச்சீலையைப் போர்த்திக்கொண்டு படுத்தது, எல்லாவற்றையும் மா ஆசையோடு கேட்பாள். இவ்வளவு பெரிய மனிதரே மரவள்ளி தின்றாரா என்று வியந்தபடி, தன் தட்டில் மிச்சமிருக்கும் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொள்வாள்.

மாதங்கள் போயின. அப்பாவிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்த மா, தட்டைத் தள்ளிவிட்டு அழ ஆரம்பித்தாள். உன் அண்ணன் வருவாரா மாட்டாரா, உண்மையைச் சொல் என்று சித்தப்பாவைக் கேட்டாள். அவர் புத்தகத்தை எடுத்தார், எங்கேயோ பிரித்தார், அதுவரை நாங்கள் கேட்டிராத அத்தியாயம் ஒன்றை வாசித்தார். பிழைப்புத் தேடி மெட்ராஸுக்குப் போகும் நடிகர், இளம் மனைவியை அவள் தாய் வீட்டில் விட்டுவிட்டுப் போகிறார். கைவிட்டுவிட்டான் என்று ஊரே சிரிக்கிறது. பல வருஷம் கழித்துக் கறுப்புக் காரில் வந்து இறங்குகிறார். எல்லோரும் பார்க்க அவள் கையைப் பிடித்துக் காரில் ஏற்றிக்கொண்டு போகிறார்.

“பாத்தீகளா அண்ணி,” என்று புத்தகத்தை மூடினார் சித்தப்பா. “சினிமாக்காரனே வந்து கூட்டிக்கிட்டுப் போயிருக்கான். எங்கண்ணன் வரமாட்டாகளா? எந்த வீட்ல விட்டுட்டுப் போனாகளோ, அந்த வீட்டுக்குத்தேன் வருவாக.”

அன்று முழுக்க மா சிரித்த முகமாக இருந்தாள். அதற்குப் பிறகு நாடகக் கம்பெனியெல்லாம் போய்விட்டது. கார் வரும் அத்தியாயம் ஒன்றுதான். சித்தப்பா பக்கத்தைப் பார்க்காமலேயே அதை வாசிப்பார். இவ்வளவு தூரம் மனப்பாடம் ஆகிவிட்டதே என்று நான் அவரை மனதுக்குள் மெச்சிக்கொள்வேன்.

அவருடைய காகிதங்களும் ஒருவழியாகச் சரியாயின. கிளம்பும்போது புத்தகத்தை என் கையில் கொடுத்தார். “எழுத்தெல்லாம் சொல்லிக் குடுத்திருக்கேன்ல ஆத்தா, இனிமே நீயே வாசிச்சுக் காட்டு,” என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் படியிறங்கினார்.

அவர் போன கொஞ்ச நாளில் மாவின் அண்ணன் மீ தோ என்ற அவர்கள் ஊரிலிருந்து வந்தார். கடைக்காரர் குடும்பங்களை நகரத்திலிருந்து காட்டுப்பக்கம் குடியேற்ற வார்டில் பெயர் எழுதிக்கொண்டிருந்தார்கள். மாமாவுக்கு அது தெரிந்துவிட்டது.

“போனவன் போனவன்தான். இன்னிக்கே ரெண்டு பேரும் என்கூடக் கிளம்புங்க. தோப்பு இருக்கு, சோறு இருக்கு. பேரை எழுதிட்டாங்கன்னா அப்புறம் என்னால ஒண்ணும் செய்ய முடியாது,” என்றார்.

“வீட்டைக் காலி பண்ணிட்டா அவர் எங்கே வந்து தேடுவார்?” என்றாள் மா. பிறகு என் பக்கம் திரும்பினாள். “அந்தக் கார் வர்ற இடத்தை வாசி. உன் மாமாவும் கேட்கட்டும்.”

பெருமையாகப் புத்தகத்தை விரித்தேன். எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டி மெட்ராஸைக் கண்டுபிடித்தேன். காரும் இருந்தது. ஆனால் அதில் தயாரிப்பாளரை ஏற்றிக்கொண்டு நடிகர் திருப்பதிக்குப் போனார். மனைவி இரண்டு பக்கம் தள்ளி, ஒரே ஒரு வரியில் இருந்தாள். ‘என் முதல் மனைவியைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.’ அதற்கு அடுத்த பக்கத்தில் மாலையும் கழுத்துமாக வேறொரு பெண்ணோடு கல்யாணப் படம். முன்னும் பின்னும் புரட்டினேன். மாமா வாட்சைப் பார்த்தார். மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு வரியில் விரலை வைத்துக்கொண்டு, சித்தப்பா வாசித்தபடியே, காரின் நிறம் முதற்கொண்டு ஒன்று விடாமல் சொன்னேன். கேட்டு முடித்ததும் மா தன் அண்ணனிடம், நீ போய் வா என்றாள். அவர் தலையில் அடித்துக்கொண்டு தனியாகப் பஸ் ஏறினார்.

அடுத்த மழைக்காலத்தில் எங்களை லாரியில் ஏற்றி, புதர்க்காட்டில் இறக்கிவிட்டார்கள். வீடு வேறு யாருக்கோ போனது. காட்டுக்காய்ச்சல் மாவைப் பாதியாக்கியது. சிவகங்கையில் சித்தப்பாவுக்கு எப்போதுமே இன்னொரு அண்ணி இருந்தாள் என்பது வெகுகாலம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. மாவின் மேல் இரக்கப்பட்டு அவர் அப்படி வாசித்தாரா, அழுகை நின்றால் போதும் என்று வாசித்தாரா, தெரியாது. எதுவானாலும் அவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

மாமா போன அந்தச் சாயங்காலம், ஜன்னலோரம் உட்கார்ந்து முதல் மனைவியைப் பற்றிய அந்த ஒற்றை வரியை மறுபடியும் மறுபடியும் எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு சொல்லும் சரியாகத்தான் வந்தது. எனக்குத் தமிழ் இன்னும் போதவில்லை, அதனால்தான் நடிகர் வந்து கூட்டிப்போகும் பக்கம் கண்ணில் படவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.