பேரறிஞருக்கு ஒரு தாம்பூலத் தட்டு

"...அதுக்கில்ல மாமா, பேரறிஞர் மடியில ஒக்கார வச்சிக் குத்துனா காது புண்ணாவாதுன்னு எதுல எழுதியிருக்கு? ஆதாரம் இருக்கா?" என்றான் என் மச்சான், சிதம்பரத்தில் தன் வீட்டு வாசற்படியை அடைத்து நின்றபடி.

எதிரே வெற்றிலை, பாக்கு, பழத்தட்டோடு நான். பக்கத்தில் அவன் அக்கா, அதாவது என் மனைவி. மகளுக்குத் திருவந்திபுரத்தில் காதுகுத்து. தாய்மாமன் மடி இல்லாமல் எங்கள் வீடுகளில் காது குத்தும் வழக்கமில்லை. அவளுக்கு இருப்பதோ ஒரே ஒரு தாய்மாமன். அவனைத்தான் பத்து நாளைக்கு முன்னால் ஊரே பார்க்கக் கிண்டல் செய்திருந்தேன்.

ஊர் என்றால் வாட்ஸ்அப் ஊர். கடலூர், சிதம்பரம் பக்கத்துப் பழைய கோயில், சிலை, கல்வெட்டு பற்றிப் பேச ஒரு குழு. நான் மோட்டார் காயில் கட்டுகிறவன், மச்சான் பெயிண்ட் கடைக்காரன். வரலாறெல்லாம் நாங்களாகப் படித்ததுதான். குழுவில் கெட்ட வார்த்தைக்குத் தடை. அதனால் வசவை எல்லாம் மரியாதைக்குள் வைத்து அனுப்பப் பழகிவிட்டோம். 'நீ' என்று எழுதினால் நட்பு. 'தாங்கள்' என்றால் கோபம். 'ஐயா அவர்கள்' என்றால் கத்தி உருவியாயிற்று. கடைசியில் கும்பிடும் கை வந்தால் குத்தியும் ஆயிற்று. நடுவில் யார் எதைச் சொன்னாலும், "ஆதாரம்?" என்று நாலு பேர் கேட்பார்கள்.

கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற வழியில் ஒரு குளக்கரையில் தலையில்லாத கற்சிலை. அதன் படத்தை யாரோ போட்டார்கள். தோளில் துணி மடிப்பு தெரிகிறது, புத்தர்தான் என்றான் மச்சான். அது மடிப்பில்லை, கல்லில் விழுந்த கீறல், துணியே உடுத்தாத சமணத் தீர்த்தங்கரர்தான் என்றேன் நான். அந்தக் கரைக்காரர்கள் முனீஸ்வரன் என்று சந்தனம் பூசிக் கும்பிடுகிறார்கள். அவர்களை எங்கள் இருவரில் ஒருவரும் கேட்கவில்லை. அந்த வழியாக எத்தனையோ முறை பஸ்ஸில் போயிருக்கிறோம், இறங்கிப் பார்த்ததும் இல்லை.

மூன்றாம் நாள் எழுதினேன்: "பேரறிஞர் ஐயா அவர்களே, சிதம்பரத்தில் ரகசியம் உண்டென்று கேள்விப்பட்டிருக்கிறேன். தாங்கள் படித்த படிப்பும் அதில் ஒன்றென்று இன்றுதான் தெரிந்தது." கும்பிடும் கை மூன்று.

சிரிப்புப் பொம்மைகள் வரிசை கட்டின. ஜெயித்த குஷியில் மனைவியிடம் படித்துக் காட்டினேன். மீன் அலசிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"அவன் ரெண்டாவது வருஷமே காலேஜ ஏன் வுட்டான்னு ஒங்களுக்குத் தெரியாது? அப்பா படுத்ததும் கடையில போய் ஒக்காந்தான். நம்ம கல்யாணத்தயே அவன்தான் நின்னு நடத்துனான். அதுக்கும் ஆதாரம் வேணுமா? புத்தரோ சமணரோ, ரெண்டு பேருமே வாய அடக்கச் சொன்னவங்கதான்."

காதுகுத்து பற்றி அவள் போன் செய்தபோது, "கடையில வேல ஜாஸ்திக்கா" என்று மட்டும் சொல்லியிருக்கிறான். அதனால்தான் தட்டோடு வந்தோம்.

"தப்புதான் மச்சான்," என்றேன். "எழுதறப்போ நீ படிப்ப வுட்டது நெனப்புல வரல. நாலு பேரு சிரிப்பாங்கன்றதுதான் வந்துச்சி."

"'நீ'ன்றீங்க. அப்போ கோவமில்ல?"

"என்னைக்கிடா இருந்துச்சி?"

"அப்போ அந்த மூணு கும்புடு?"

கையில் தட்டு இருந்ததால் கும்பிட முடியவில்லை. நல்லதாகப் போயிற்று. கும்பிட்டிருந்தால் அதையும் நாலாவதாகக் கணக்கு வைத்திருப்பான்.

"டேய், கை வலிக்கும்டா அவருக்கு," என்றாள் அக்காக்காரி.

"வலிக்கட்டும். மாமா, அது புத்தர்தான்."

"காது குத்திட்டு ரெண்டு பேரும் போய் எறங்கிப் பாப்போம்."

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "அப்பிடியே ஆடாம நில்லுங்க," என்று சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, தட்டும் என் முகமும் தெரிகிறமாதிரி ஒரு படம் பிடித்துக் குழுவில் போட்டான். கீழே 'ஆதாரம்' என்று மட்டும் தட்டினான். கும்பிடும் கை போடவில்லை. பிறகு போனைப் பைக்குள் போட்டுவிட்டு, பெயிண்ட் காய்ந்திருந்த இரண்டு கையையும் லுங்கியில் துடைத்துக்கொண்டு தட்டை வாங்கினான்.