துளையில்லாத விளக்கு

கல்முனைக்குடியில் ரேடியோ திருத்தும் சீனிமுகம்மதுவின் பிழைப்பில் பாதி கடல் உப்பு போட்ட பிச்சை. தோணியில் போன டோர்ச்சும் ரேடியோவும் வாரம் தவறாமல் அவர் மேசைக்கு வந்து மல்லாந்து படுக்கும். வாப்பாவின் ரேடியோவைக் கழற்றி, திரும்பப் பூட்டத் தெரியாமல் அடிவாங்கித்தான் அவர் தொழில் படித்தார். இப்போதும் ஒவ்வொரு வேலை முடிவிலும் இரண்டு மூன்று ஆணி மிஞ்சும். "கொம்பனிக்காரன் கூடப் போட்டிருக்கான்" என்று தனக்குத் தானே சொல்லி அவற்றை ஒரு டின்னில் போட்டுவைப்பார். டின் நிறைந்து, இப்போது இரண்டாவது டின் ஓடுகிறது.

தொண்ணூற்றாறில் பக்கத்து வீட்டு றஹீமா சவூதியிலிருந்து வந்தபோது, கரண்டில் ஓடும் பல் துலக்கும் பிரஷ் ஒன்றைக் கொண்டுவந்தார். வயர் செருக அதில் துளையே இல்லை. ஆனாலும் அதன் தட்டில் நிறுத்தினால் சார்ஜ் ஏறியது. சீனிமுகம்மது அதைக் கெஞ்சி வாங்கி அறுத்துப் பார்த்தார். பிரஷுக்குள் ஒரு செப்புக் கம்பிச் சுருள், தட்டுக்குள் இன்னொன்று. ஒன்றையொன்று தொடாமலே கரண்ட் தாவியிருக்கிறது. பிரஷ் அத்தோடு செத்தது. றஹீமா இரண்டு மாதம் அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அவருக்கோ கால் தரையில் பாவவில்லை. துளையே இல்லாத பெட்டிக்குள் கடல் எந்த வழியால் வரும்?

அப்படி ஒரு விளக்கை யாருக்குச் செய்வது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. மனைவி றாபியாவின் தம்பி முகம்மது தம்பி சின்னத் தோணியில் இரவுத் தொழிலுக்குப் போகிறவன். முந்தின வருடம் அவனுடைய டோர்ச் நனைந்து அணைந்த நேரத்தில், இருட்டில் வந்த பெரிய போட் ஒன்று தோணியை இடித்துப் பிளந்துவிட்டது. நீந்தித்தான் தப்பினான். அன்றிலிருந்து றாபியா தம்பி கரைக்கு வரும்வரை தேத்தண்ணி குடிப்பதில்லை.

தடித்த பிளாஸ்டிக் போத்தல், அதற்குள் செத்த பிரஷின் செப்புச் சுருள், பழுதான வயரில்லாத டெலிபோன் ஒன்றின் பெற்றரி, சின்ன பல்ப். மூடியைப் பைபர் தோணி ஒட்டும் பசையால் அடைத்தார். மற்றச் சுருள் இருந்த பிரஷ் தட்டில் கவிழ்த்து வைத்தால் அணைந்து சார்ஜ் ஏறும், நிமிர்த்தினால் எரியும். கடை வாசலில் மூன்று நாள் வாளித் தண்ணீருக்குள் எரியவிட்டு, வந்தவன் போனவனுக்கெல்லாம் பிரசங்கம் செய்தார். முகம்மது தம்பி வாங்க வந்தபோது அவருக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது.

"இத எப்பிடி மச்சான் பாவிக்கிற?"

"பகல்ல தட்டுக்கு மேல வை, பின்னேரம் எடு. மத்ததெல்லாம் ஒனக்கு விளங்காது."

கடையிலேயே ஏற்றிக் கொடுத்த சார்ஜில் முதல் நாள் இரவு விளக்கு நன்றாக எரிந்தது. இரண்டாம் இரவு கழிந்த காலை, பாராட்டு வாங்குவதற்கென்றே தேய்த்த சேர்ட்டோடு கரையில் நின்ற சீனிமுகம்மதுவிடம் முகம்மது தம்பி வந்தான்.

"நடுக்கடல்ல அணைஞ்சி போன மச்சான். போட் ஒண்டு நேரா வந்த. சட்டியத் தட்டித் தட்டிக் கத்தினன். ரெண்டு முழம் விலகிப் போன."

சீனிமுகம்மதுவின் வாய் சும்மா இருக்கவில்லை. வோல்டேஜ் குறைவு என்றது, பிளக் லூஸ் என்றது, கடல் குளிர் என்றது. அப்படியே பேசிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனார்.

முன் மேசையில் சார்ஜ் தட்டு இருந்தது. அதற்கு மேல் புளி போட்டு மினுக்கிய பித்தளை வெற்றிலை வட்டா. அவரை அண்ணன் முறையில் காக்கா என்றழைக்கும் முகம்மது தம்பியின் மனைவி சுபைறா விளக்கை வாங்கி, அந்த வட்டாவின் நடுவில் பக்குவமாகக் கவிழ்த்து வைத்தாள்.

"நேத்தும் இப்பிடியா வெச்ச?"

"ஓம் காக்கா. நீங்க ஒங்கட கையால செஞ்சி தந்த சாமான். வெறும் தட்டுல வைக்க மனசு வருமா?"

வட்டாவைத் தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்தது. நேற்றுப் பகல் முழுக்கக் கரண்டை அதுதான் குடித்திருக்கிறது.

"நடுவுல பித்தளை வந்தா சார்ஜ் ஏறாது புள்ள."

"ஒரு சொல்லு சொல்லியிருந்தா எடுத்திருப்பனே காக்கா."

அவள் குற்றமாகச் சொல்லவில்லை. அதுதான் அவரைக் கொன்றது. இறைச்சிக் கடைக்காரருக்குத் தெரியும், முடிவெட்டுகிறவருக்குத் தெரியும், உப்பு விற்க வந்தவருக்குக்கூட இதைப் படம் போட்டு விளக்கியிருக்கிறார். இந்த வீட்டுக்கு மட்டும் சொல்லவில்லை. என்ன பெரிய இஞ்சினியர் மூளை! அழுகை வந்தது. வட்டாவை எடுத்து வைக்கிற சாட்டில் குனிந்துகொண்டார்.

பகல் முழுக்க விளக்குக்குப் பக்கத்திலேயே இருந்தார். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு முகம்மது தம்பி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"நீங்களும் வந்தா இதக் கொண்டுபோறன் மச்சான்."

முழங்காலுக்கு மேல் கடலைக் கண்டிராத மனுஷன் தோணியில் ஏறினார். கரை மறையுமுன்னே வாந்தி தொடங்கியது. ஒவ்வொரு வாந்திக்கும் நடுவில், விளக்கைப் பற்றித் தெரிந்த எல்லாவற்றையும் அவனுக்குச் சொன்னார். அவன் துடுப்பை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

"சரி மச்சான், திரும்ப அணைஞ்சா என்ன செய்யிற?"

வாழ்நாளில் எந்தச் சாமானைப் பற்றியும் எவருக்கும் சொல்லாத பதிலை அவர் சொன்னார்.

"தெரியாடா தம்பி."

முகம்மது தம்பி சிரித்தான். "அப்ப ரெண்டு பேரும் முழிச்சிருப்பம்" என்று வலையை இறக்கினான்.